ஈஆர்பிநெக்ஸ்ட்ல டெலீட் ஆக மாட்டேங்குதா? எது பிடிச்சு வச்சிருக்குன்னு மொதல்ல பாருங்க

ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு டேட்டா எடுக்குறப்பதான் ஒரே பார்ட்டிக்கு ஒரே பில்லு ரெண்டு தடவை விழுந்திருக்கறது கண்ணுல படும், சரி ஒன்ன தூக்கிடலாம்னு டெலீட் அமுக்குனா "கேன்னாட் டெலீட் ஆர் கேன்சல் பிகாஸ்"னு ஆரம்பிச்சு ரெண்டு மூணு டாக்குமெண்ட் நம்பரோட ஒரு பாக்ஸ் வந்து நிக்கும். நெறைய பேரு அந்த மொத நாலு வார்த்தையோட படிக்கறத நிறுத்திட்டு, சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தவருக்கு போன் அடிச்சு "பின்னாடி டேட்டாபேஸ்ல போயி தூக்கி விட்ருங்க சார்"னு சொல்லிடுறாங்க. அவரும் அவசரத்துல தூக்கி விட்டாருன்னா அதுக்கப்புறம் வர்ற தலைவலி தனி, அத கீழ சொல்றேன்.

நான் சொல்றது முழுக்க ஈஆர்பிநெக்ஸ்ட் பத்தி, பில்லு, கணக்கு, ஸ்டாக் எல்லாத்தையும் பாத்துக்கற, மும்பைல இருக்குற ஃப்ராப்பே கம்பெனியோட ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். வெர்ஷன் 13க்கு மேல எதுல இருந்தாலும் கிட்டத்தட்ட இதேதான், மெனு இருக்குற இடம் மட்டும் அங்கங்க மாறும்.

அந்த பாக்ஸ்ல பாதி விடை இருக்கு, கடைசி வரைக்கும் படிங்க. எந்த டாக்குமெண்ட்ட அழிக்கப் பாத்தீங்க, அத எந்த டாக்குமெண்ட் பிடிச்சு வச்சிருக்கு, சில சமயம் எத்தனாவது வரிசைல பிடிச்சிருக்குங்கற வரைக்கும் வரும், அந்த நம்பர் மேலயே க்ளிக் பண்ணா நேரா அங்க கொண்டு போய் விடும். ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, யாருகிட்டயாவது கேக்கணும்னாலும் "எரர் வருது சார்"னு சொல்றதுக்கு பதிலா அத அனுப்பலாம்.

மொதல்ல ஸ்டேட்டஸ். இதுல ஒவ்வொரு பில்லு, பேமெண்ட், ஜிஆர்என் (சரக்கு உள்ள வந்ததுக்கு போடற என்ட்ரி) எல்லாத்துக்கும் மூணு நிலைதான்: ட்ராஃப்ட், சப்மிட்டட், கேன்சல்டு. உள்ளுக்குள்ள 0, 1, 2ன்னு நம்பரா இருக்கும். ட்ராஃப்ட்னா நேரா அழிக்கலாம். சப்மிட் ஆனத யாரு வந்தாலும் நேரா அழிக்க முடியாது, "சப்மிட்டட் ரெக்கார்ட் கேன்னாட் பி டெலீட்டட், யூ மஸ்ட் கேன்சல் இட் ஃபர்ஸ்ட்"னு திருப்பி அனுப்பிடும். கேன்சல் பண்ணிட்டு அப்புறம் டெலீட், இந்த வரிசை மாறாது.

சப்மிட் ஆன டாக்குமெண்ட்ட தெறந்தா மெனுவுல டெலீட் வராது, ஆனா ட்ராஃப்ட்லயோ கேன்சல் ஆனதுலயோ கூட டெலீட்டுங்கற ஆப்ஷனே காணோம்னா அது எரரே இல்ல, பர்மிஷன் இல்லைன்னு அர்த்தம். ரோல் பர்மிஷன்ஸ் மேனேஜர்ல போயி அந்த டாக்குமெண்ட் டைப்ப செலக்ட் பண்ணி உங்க ரோலுக்கு நேரா டெலீட் டிக் இருக்கான்னு பாருங்க, கேன்சலுக்கு தனி டிக், டெலீட்டுக்கு தனி டிக். சிஸ்டம் மேனேஜர் ரோல் இருக்கே அப்புறம் என்னன்னு கேப்பாங்க, அந்த ரோல் செட்டிங்ஸ், யூசர் மாதிரி வேலைக்கு, சேல்ஸ் இன்வாய்ஸ்ல கை வைக்க அக்கவுண்ட்ஸ் சைடு ரோல் வேணும். அட்மினிஸ்ட்ரேட்டர் லாகின்ல வந்தா பர்மிஷன் செக் இருக்காது, ஆனா லிங்க் செக் (வேற டாக்குமெண்ட் எதாவது பிடிச்சிருக்கான்னு பாக்கறது) அவருக்கும் உண்டு, அதனால பெரிய லாகின்ல போயி முட்டிப் பாக்குறதுல பிரயோஜனம் இல்ல.

இப்ப லிங்க் விஷயம், இதுதான் நெறைய பேரு மாட்டுற இடம். நீங்க ஒன்ன அழிக்கச் சொன்னதும் சிஸ்டம், இந்தப் பேர வேற எங்கயாவது எழுதி வச்சிருக்கான்னு எல்லா டேபிளையும் தேடும், மெயின் ஃபார்ம் மட்டுமில்ல உள்ள இருக்குற ஐட்டம் வரிசைங்கள கூட விடாது. எங்கயாவது ஒன்னு கெடச்சுதுன்னா அங்கயே நின்னுடும், மிச்சத்த தேடாது. அதனாலதான் ஒன்ன சரி பண்ணிட்டு வந்து திரும்ப டெலீட் குடுத்தா இன்னொரு பேரு வருது, அத முடிச்சா இன்னொன்னு வருது, ஜனங்க சாஃப்ட்வேர் விளையாடுதுன்னு கடுப்பாகுறாங்க. வெங்காயம் உரிக்கற கதைதான், எத்தனை தோல் இருக்குன்னு மொதல்லயே எண்ணிட்டா கோவம் வராது.

எண்றதுக்கு வழி, அந்த டாக்குமெண்ட்லயே இருக்குற கனெக்ஷன்ஸ் பகுதி. இந்த பில்லுக்கு எந்த ஆர்டர், எந்த டெலிவரி நோட், எந்த பேமெண்ட்னு அங்க வரிசையா இருக்கும். ஆனா அத மட்டும் நம்பாதீங்க, லெட்ஜர் என்ட்ரி அங்க வராது, அதுக்கு வியூ பட்டன்ல அக்கவுண்டிங் லெட்ஜர், ஸ்டாக் லெட்ஜர் ரெண்டையும் தெறந்து பாக்கணும். நம்ம ஆளுங்க புதுசா சேத்த கஸ்டம் ஃபீல்டும் சில சமயம் அங்க காட்டாது, ஆனா லிங்க் டைப்பா இருந்தா தடுக்க மட்டும் தடுக்கும்.

எல்லாத்தையும் பாத்துட்டு வாலுல இருந்து ஆரம்பிங்க. கொட்டேஷன், சேல்ஸ் ஆர்டர், டெலிவரி நோட், சேல்ஸ் இன்வாய்ஸ், பேமெண்ட் என்ட்ரின்னு போச்சுன்னா, ஆர்டர அழிக்கணும்னா கூட பேமெண்ட்ல இருந்துதான் பின்னாடி வரணும். சிஸ்டமே உதவிக்கு "கேன்சல் ஆல் டாக்குமெண்ட்ஸ்"னு ஒரு பாக்ஸ் காட்டும், லிங்க் ஆன டாக்குமெண்ட்ங்கள லிஸ்ட் போட்டு ஒரே க்ளிக்ல கேன்சல் பண்ணிடலாமான்னு கேக்கும். தயவு செஞ்சு அந்த லிஸ்ட்ட படிக்காம எஸ் குடுக்காதீங்க. பேமெண்ட் என்ட்ரி சாதாரணமா அந்த லிஸ்ட்ல வராது, அத நீங்களா கேன்சல் பண்றதுக்கு முன்னாடியும் யோசிங்க: பார்ட்டி ஒரே செக்ல அஞ்சாறு பில்லுக்கு பணம் குடுத்திருப்பாரு, அந்த ஒரு பேமெண்ட் என்ட்ரி அத்தனை பில்லையும் அடைச்சிருக்கும், நீங்க ஒரு தப்பு பில்லுக்காக அத கேன்சல் பண்ணிட்டா மிச்சம் எல்லா பில்லும் திரும்ப பாக்கின்னு நிக்கும், சேல்ஸ் ஆளு அந்த பார்ட்டிக்கு போன் பண்ணி பணம் எங்கன்னு கேட்டு மானம் போகும்.

அதுக்கு நல்ல வழி வேற இருக்கு. அக்கவுண்ட்ஸ் செட்டிங்ஸ்ல "அன்லிங்க் பேமெண்ட் ஆன் கேன்சலேஷன் ஆஃப் இன்வாய்ஸ்"னு ஒரு டிக் இருக்கு, வழக்கமா ஆன்லதான் இருக்கும், யாராவது எடுத்து விட்டிருந்தா போடுங்க. அது இருந்தா பில்ல கேன்சல் பண்றப்ப பேமெண்ட் அப்படியே நிக்கும், லிங்க் மட்டும் அவுந்து அந்தப் பணம் பார்ட்டி பேர்ல அட்வான்ஸ் மாதிரி கெடக்கும், அப்புறம் பேமெண்ட் ரீகன்சிலியேஷன் டூல்ல போயி சரியான பில்லுக்கு அத அடைச்சுக்கலாம். ஆர்டருக்கு வாங்குன அட்வான்ஸுக்கும் இதே மாதிரி தனியா ஒரு டிக் இருக்கு.

சரி, கேன்சல் ஆயிடுச்சு, பில்லு செவப்புல கேன்சல்டுன்னு காட்டுது, இப்ப டெலீட் குடுத்தா "லிங்க்டு வித் ஜிஎல் என்ட்ரி"ன்னு வருது, ஜிஎல்னா ஜெனரல் லெட்ஜர். இங்கதான் பாதி பேருக்கு பொறுமை போயிடும். விஷயம் என்னன்னா வெர்ஷன் 13ல இருந்து லெட்ஜர் அழியாத மாதிரி பண்ணிட்டாங்க, கேன்சல் பண்ணா பழைய என்ட்ரி போகாது, அதுக்கு எதிர் என்ட்ரி ஒன்னு விழும், ரெண்டுக்கும் கேன்சல்டுன்னு அடையாளம் இருக்கும். ஜெனரல் லெட்ஜர் ரிப்போர்ட்ல சாதாரணமா ரெண்டும் தெரியாது, ஷோ கேன்சல்டு என்ட்ரிஸ் டிக் போட்டா தெரியும். அந்த என்ட்ரிங்கதான் பில்ல பிடிச்சு வச்சிருக்கு.

இதுக்கு அக்கவுண்ட்ஸ் செட்டிங்ஸ்ல "டெலீட் அக்கவுண்டிங் அண்ட் ஸ்டாக் லெட்ஜர் என்ட்ரிஸ் ஆன் டெலீஷன் ஆஃப் ட்ரான்சாக்ஷன்"னு நீளமா ஒரு டிக் இருக்கு, அத போட்டா கேன்சல் ஆன பில்ல அழிக்கறப்ப லெட்ஜர் என்ட்ரியும் சேந்து போயிடும். இணையத்துல தேடுனா எல்லாரும் இதத்தான் சொல்வாங்க. ஆனா இந்தியால ஒரு கம்பெனிக்கு இத போடறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டே ஆகணும். 2023 ஏப்ரல் 1ல இருந்து கம்பெனிகள் சட்டப்படி பதிவான கம்பெனி எல்லாம் எடிட் லாக் இருக்குற அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்தான் பயன்படுத்தணும், யாரு எப்ப என்ன மாத்துனாங்கன்னு பதிவு இருக்கணும், அந்த பதிவ ஆஃப் பண்ணவே கூடாது. ஈஆர்பிநெக்ஸ்ட்டோட ஜிஎஸ்டி வேலைக்கான இந்தியா கம்ப்ளையன்ஸ் ஆப் போட்டிருந்தா எனேபிள் ஆடிட் ட்ரெயில்னு ஒன்னு அங்க இருக்கும், அத ஒரு தடவை ஆன் பண்ணிட்டா திரும்ப ஆஃப் ஆகாது, மேல சொன்ன லெட்ஜர் டெலீட் டிக்கும் சேந்து பூட்டிக்கும். அந்த டிக்க போட முடியலைன்னு வந்து நிக்கறவங்களுக்கு காரணம் பெரும்பாலும் இதான், அத ஒடைக்க வழி தேடாதீங்க. ப்ரொப்ரைட்டர்ஷிப், பார்ட்னர்ஷிப் ஃபர்ம்க்கு இந்த ரூல் கிடையாது, அவங்க தாராளமா டிக் போடலாம், ஆனா போடணுமாங்கறது வேற கேள்வி.

என்னைக் கேட்டா வேணாம்பேன். ஜிஎஸ்டில பில்லு நம்பர் தொடர் வரிசையா இருக்கணும், 16 கேரக்டருக்குள்ள இருக்கணும். ஜிஎஸ்டிஆர் 1ல (விற்பனை ரிட்டர்ன்) 13ஆவது டேபிள்ல எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும் பில்லு போட்டீங்க, அதுல எத்தனை கேன்சல்னு தனியா கேக்கறாங்க, அதாவது கேன்சல் ஆன பில்லு இருக்கறது ஒன்னும் குத்தம் இல்ல, அதுக்கு கட்டமே போட்டு வச்சிருக்காங்க. நீங்க நடுவுல ஒன்ன அழிச்சிட்டா 45க்கு அப்புறம் 47ன்னு நிக்கும், 46 எங்கன்னு கேட்டா காட்ட ஒன்னும் இருக்காது. கடைசியா போட்ட நம்பர அழிச்சா மட்டும் சிஸ்டம் கவுண்டர பின்னாடி இழுத்துக்கும், அடுத்த பில்லுக்கு அதே நம்பர் வரும். இன்னொன்னு கவனிங்க, ட்ராஃப்ட்ல சேவ் பண்ணும்போதே நம்பர் விழுந்துடும், அதனால ட்ராஃப்ட் தானேன்னு நடுவுல இருக்கறத அழிச்சாலும் ஓட்டை ஓட்டைதான்.

கேன்சல் பண்ணிட்டு அமெண்ட் பண்றவங்களுக்கு, அதாவது அதையே திருத்தி புதுசா போடறவங்களுக்கு, ஒரு தனி குறிப்பு. அமெண்ட் பண்ணா பழைய நம்பருக்குப் பின்னாடி ஒரு கோடும் 1ம் சேந்து புது டாக்குமெண்ட் வரும், அந்த புதுசு பழசோட பேர உள்ள வச்சிருக்கும், அதனால பழச அழிக்கப் போனா புதுசு தடுக்கும். தப்பே இல்ல, அப்படியே விட்ருங்க. ஆனா உங்க பில்லு நம்பர் சீரிஸ் ஏற்கனவே 15, 16 கேரக்டர்ல இருந்தா அந்த கூடுதல் ரெண்டு எழுத்துல வரம்பு தாண்டிடும், அங்க வேற எரர் வரும், சீரிஸ ஆரம்பத்துலயே சின்னதா வச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

ஈ இன்வாய்ஸ் போட்ட பில்லுன்னா கதை இன்னும் இறுக்கம். ஐஆர்என் (ஈ இன்வாய்ஸ் போர்ட்டல் குடுக்கற அடையாள நம்பர்) வாங்குன 24 மணி நேரத்துக்குள்ளதான் போர்ட்டல்ல கேன்சல் பண்ண முடியும், அப்படி கேன்சல் பண்ணாலும் அதே பில்லு நம்பர்ல திரும்ப ஐஆர்என் வாங்க முடியாது. ஈ வே பில்லுக்கும் 24 மணி நேரம்தான், வழில ஆபீசர் வண்டிய நிறுத்தி செக் பண்ணிட்டாருன்னா அதுவும் கெடையாது. அதனால மொதல்ல ஈ வே பில், அப்புறம் ஐஆர்என், அப்புறம்தான் உங்க சிஸ்டத்துல பில்லு. நேரம் தாண்டிப் போச்சுன்னா க்ரெடிட் நோட் போடுங்க, அதுக்குத்தான் அது இருக்கு.

ஸ்டாக் பக்கம் வர்றப்ப லிங்க் எல்லாம் சரியா இருந்தும் கேன்சல் ஆகாது, "இத்தனை யூனிட் தேவை"ன்னு குடோன் பேரு, தேதி, நேரத்தோட ஒரு மெசேஜ் வரும். உதாரணத்துக்கு 500 கிலோ நூல் வந்ததுன்னு ஜிஆர்என் போட்டு, அதுல 400 கிலோ நிட்டிங்க்கு அனுப்பிட்டீங்க, இப்ப அந்த ஜிஆர்என்ன கேன்சல் பண்ணா, வராத நூல எப்படி அனுப்புனன்னு சிஸ்டம் கேக்குது, நியாயமான கேள்வி. ஸ்டாக் லெட்ஜர் ரிப்போர்ட்ட தெறந்து அந்த ஐட்டம், அந்த குடோன் ரெண்டையும் ஃபில்டர் போட்டு, ஜிஆர்என் தேதிக்கு அப்புறம் வெளிய போன என்ட்ரிங்கள கடைசில இருந்து கேன்சல் பண்ணிட்டு வாங்க. அது நெறைய இருந்தா விட்ருங்க, பர்ச்சேஸ் ரிட்டர்ன் போடறது சுலபம், ரேட்டு மட்டும் தப்புன்னா அதுக்கு ஏத்த திருத்த என்ட்ரி போட்டாலே போதும். ஸ்டாக் செட்டிங்ஸ்ல அலவ் நெகட்டிவ் ஸ்டாக்னு ஒரு டிக் இருக்கு, அத ஆன் பண்ணா கேன்சல் ஆயிடும், உண்மைதான், ஆனா அதுக்கப்புறம் அந்த ஐட்டத்தோட வேல்யூவேஷன் (ஸ்டாக்கோட மதிப்பு) எங்கயோ போயி லாப நஷ்டக் கணக்கு வரைக்கும் கோணிக்கும், இந்த ஷார்ட்கட்ட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பழைய தேதி என்ட்ரிய கேன்சல் பண்ணதும் ரேட்டு திரும்ப கணக்காகறது பேக்ரவுண்ட்ல ஓடும், ரீபோஸ்ட் ஐட்டம் வேல்யூவேஷன் லிஸ்ட்ல கம்ப்ளீட்டட்னு வர்ற வரைக்கும் ஸ்டாக் ரிப்போர்ட்ட பாத்து பதறாதீங்க.

மாஸ்டர் அழிக்கறது: கஸ்டமர், சப்ளையர், ஐட்டம் எல்லாம். ஒரு தடவை பில்லு போட்ட பார்ட்டிய அழிக்கவே முடியாதுன்னு வச்சுக்கோங்க. பழைய பார்ட்டி லிஸ்ட்ல வந்து தொல்லை பண்றாருன்னா டிசேபிள்டு டிக் போடுங்க, புது பில்லு போடறப்ப பேரு வராது, பழைய கணக்கு அப்படியே இருக்கும். ஒரே பார்ட்டி ரெண்டு ஸ்பெல்லிங்ல இருந்தா ரீநேம்ல போயி சரியான பேர குடுத்து மெர்ஜ் வித் எக்ஸிஸ்டிங் டிக் போட்டா ரெண்டும் ஒன்னாயிடும், இதுக்கு அன்டூ கிடையாது, ஜிஎஸ்டி நம்பர் ரெண்டுலயும் ஒன்னான்னு பாத்துட்டு பண்ணுங்க. ஐட்டம் மெர்ஜ் பண்ண ஸ்டாக் யூனிட், பேட்ச், சீரியல் நம்பர் செட்டிங் எல்லாம் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு ட்ரான்சாக்ஷனும் இல்லாத புது ஐட்டமே அழிய மாட்டேங்குதுன்னா எங்கயோ ட்ராஃப்ட்ல தூங்குற ஒரு கொட்டேஷன், இல்ல ஒரு பிஓஎம்க்குள்ள (ஒரு பொருள் செய்ய என்னென்ன வேணுங்கற லிஸ்ட்) அந்த ஐட்டம் உக்காந்திருக்கும். அக்கவுண்ட் ஹெட்டுக்கும் குடோனுக்கும் கீழ சப் ஹெட்டு இருந்தாலோ என்ட்ரி விழுந்திருந்தாலோ அழியாது, எரர்லயே அது தெளிவா வரும்.

கணக்கு மூடுன வருஷத்துல கை வைக்கப் போனா அக்கவுண்ட் ஃப்ரீஸ் தேதி, இல்ல வருஷக் கணக்க மூடுறப்ப போடற பீரியட் க்ளோசிங் வவுச்சர் தடுக்கும். தெறந்து விட்டா அழிக்கலாம், ஆனா ரிட்டர்ன், பேலன்ஸ் ஷீட் எல்லாம் போயாச்சுன்னா தெறக்கக் கூடாது, நடப்பு வருஷத்துல திருத்த என்ட்ரிதான்.

மெசேஜே புரியாத மாதிரி, தமிழும் இங்கிலீஷும் கலந்து யாரோ கையால எழுதுன மாதிரி வந்துதுன்னா அது உங்க ஆபீஸுக்குன்னு யாரோ எழுதி வச்சது, சர்வர் ஸ்க்ரிப்ட் லிஸ்ட்ல பிஃபோர் டெலீட், பிஃபோர் கேன்சல் ஈவெண்ட்ல ஏதாவது இருக்கான்னு தேடுங்க. "நீங்க தெறந்ததுக்கு அப்புறம் டாக்குமெண்ட் மாறிடுச்சு"ங்கற அர்த்தத்துல வந்தா பேஜ ரீலோடு பண்ணாலே போதும், பக்கத்து சீட்டுல யாரோ அதையே தெறந்து சேவ் பண்ணியிருப்பாங்க. லிஸ்ட்ல ஒரே நேரத்துல 10க்கு மேல செலக்ட் பண்ணி டெலீட் குடுத்தா பேக்ரவுண்டுக்கு போயிடும், உடனே மறையலைன்னு திரும்ப திரும்ப அமுக்காதீங்க, கொஞ்ச நேரம் கழிச்சும் ஏதாவது மிச்சம் நின்னா அத தனியா தெறந்து டெலீட் குடுத்துப் பாருங்க, காரணம் அப்பதான் வெளிய வரும்.

இப்ப ஆரம்பத்துல சொன்ன, டேட்டாபேஸ் டேபிள்ல நேரா கை வைக்கற விஷயம். மரியாடிபிங்கற அந்த டேட்டாபேஸ்ல போயி சேல்ஸ் இன்வாய்ஸ் டேபிள்ல இருந்து ஒரு வரிய டெலீட் பண்ணா பில்லு மறஞ்சிடும், ஆனா அதோட ஐட்டம் வரிசை, டேக்ஸ் வரிசை, லெட்ஜர் என்ட்ரி, ஸ்டாக் என்ட்ரி எல்லாம் வேற வேற டேபிள்ல அநாதையா நிக்கும். பார்ட்டி பாக்கி ரிப்போர்ட்ல தொகை காட்டும், க்ளிக் பண்ணா நாட் ஃபவுண்ட்னு வரும். ஸ்டாக் குறைஞ்சது குறைஞ்சபடி இருக்கும். எடிட் லாக்லயும் இருக்காது. டெவலப்பர் பென்ச் கன்சோல்ல (சர்வர்ல கமாண்ட் அடிக்கற இடம்) ஃபோர்ஸ் போட்டு டெலீட் பண்றது இதுக்கு எவ்வளவோ மேல், ஐட்டம் வரிசையாவது சேந்து போகும், ஆனா லிங்க் செக்க தாண்டிடறதால பிடிச்சுட்டு இருந்த டாக்குமெண்ட் எல்லாம் இல்லாத பேர காட்டிட்டு நிக்கும். வேற வழியே இல்லைன்னா பேக்கப் எடுத்து, அத ஒரு டெஸ்ட் சைட்ல ஏத்தி, அங்க பண்ணிப் பாத்து, ட்ரையல் பேலன்ஸ் முன்ன பின்ன ஒத்துப் பாத்துட்டு அப்புறம் லைவ்ல. கம்பெனி ஃபார்ம்ல டெலீட் ட்ரான்சாக்ஷன்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும், அது ட்ரெயினிங்ல போட்ட டம்மி டேட்டாவ லைவுக்கு முன்னாடி துடைக்கறதுக்கு, கம்பெனியோட மொத்த ட்ரான்சாக்ஷனும் போயிடும், ஒரு பில்லுக்காக அந்தப் பக்கமே போகாதீங்க.

தப்பா ஒன்ன அழிச்சிட்டா மேல தேடுற பாக்ஸ்ல டெலீட்டட் டாக்குமெண்ட்னு அடிங்க, அழிச்சதோட காப்பி அங்க இருக்கும், தெறந்து ரீஸ்டோர் குடுத்தா வந்துடும். கேன்சல் ஆகி அழிஞ்சது ட்ராஃப்டாதான் திரும்ப வரும், வேணும்னா சரி பாத்து மறுபடி சப்மிட் பண்ணனும், முன்னாடி அதுல அடைஞ்சிருந்த பேமெண்ட்ட ரீகன்சிலியேஷன்ல நீங்களே திரும்ப சேக்கணும். டேட்டாபேஸ்ல நேரா தூக்குனது இந்த லிஸ்ட்ல வராது, அதுக்கு பேக்கப்ல இருந்துதான் எடுக்கணும்.